பழைய மோட்டார் காரில் மின்சாரக் கோளாறு: கண்டறியும் முறை

பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி. டி. நாயுடு தமது பேருந்தை ஓட்டத் தொடங்கியது 1920-ஆம் ஆண்டில். அக்காலந்தொட்டே மோட்டார்த் தொழிலில் கொங்கு நாடு நல்ல தேர்ச்சி பெற்று வந்துள்ளது. அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்ட போதிலும், அத்தகைய பழைய கார்களைப் பேணி வைத்திருப்போர் இன்றும் உளர். நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் வேளையில் விளக்கு அணைந்தால், அல்லது இஞ்சின் கிளம்ப மறுத்தால், விளைவு என்னவாகும் என்று கூற வேண்டுவதில்லை.

கோளாறு கண்டவுடன் புதிய பாட்டரி வாங்குவது பலரது வழக்கம். பெரும்பாலும் அது வீண் செலவே ஆகும். கிணற்று நீர் வயலை எட்டாவிடில் நாம் மோட்டாரை மாற்றுவதில்லை. வாய்க்கால் வழியே நடந்து உடைப்பைத் தேடுகிறோம். மின்சாரத்தையும் அவ்வாறே தொடர்ந்து செல்லவேண்டும். அது கம்பி வழியே சென்று, வண்டியின் இரும்புடல் வழியே பாட்டரிக்குத் திரும்புகிறது. திரும்பும் வழிக்கே ‘எர்த்து’ என்று பெயர்.

1. பாட்டரி: ஓய்விலிருக்கும் 12 வோல்ட் பாட்டரி, முழு மின்னேற்றத்தில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 எனில் ஏறத்தாழப் பாதியே உள்ளது. இஞ்சின் சற்று வேகமாக ஓடுகையில் அளவு 14 வோல்ட்டை ஒட்டி உயரவேண்டும். உயராவிடில் டைனமோவையும் ரெகுலேட்டரையும் சோதிக்க வேண்டும். முனைகளில் பூத்த பொடியை வெந்நீரால் கழுவி, இறுக்கி, வாசலின் தடவுக.

2. சோதனை விளக்கு: 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றில் இரு கம்பிகளை இணைத்தால் போதும். ஒரு முனையை வண்டியின் துருவற்ற இரும்பில் மாட்டுக. சுவிட்சைப் போட்டு, மறு முனையால் பியூஸின் இரு பக்கங்கள், சுவிட்ச், விளக்கு என வரிசையாகத் தொட்டு வருக. எரிந்த இடத்திற்கும் எரியாத இடத்திற்கும் நடுவே கோளாறு உள்ளது.

3. எர்த்து: விளக்குவரை மின்சாரம் வந்தும், நல்ல பல்பு எரியவில்லையா? விளக்கின் உடலிலிருந்து பாட்டரியின் எர்த்து முனைக்குத் தனிக் கம்பி இழுத்துப் பார்க்கவும். எரிந்தால், துருவேறிய எர்த்து இணைப்பே குற்றவாளி. அதைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கினால் போதும், செலவு ஏதுமில்லை.

4. கசிவு: இரவில் நிறுத்திய வண்டி காலையில் கிளம்பாவிடில், எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, எர்த்து வடத்தைக் கழற்றுக. வடத்திற்கும் பாட்டரி முனைக்கும் இடையே சோதனை விளக்கை வைத்தால், பெருங்கசிவு இருப்பின் அது எரியும். பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து வருக. எதனை எடுக்கையில் அணைகிறதோ அந்தக் கிளையில் கசிவு உள்ளது. எதை எடுத்தும் அணையாவிடில், பியூஸ் வழியே செல்லாத கம்பிகளை ஆராய வேண்டும்.

எச்சரிக்கை: மிகப் பழைய சில கார்களில் நேர்முனையே எர்த்தாக இருக்கும், அதை முதலில் அறிந்து கொள்க. பாட்டரியைக் கழற்றுகையில் எர்த்து வடத்தை முதலிலும், மாட்டுகையில் அதனை இறுதியிலும் கையாள்க. பாட்டரியின் அருகே பீடியோ தீக்குச்சியோ கூடாது. அதிலிருந்து எழும் வாயு வெடிக்கும். எரிந்த பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றுவது வண்டிக்கே தீ வைப்பதாகும்.

பொருளை மாற்றுமுன் வழியைச் சோதிப்போம். பணமும் மிஞ்சும், அவசர வேளையில் வண்டியும் உதவும்.