கல்லும் குறிப்பும்

எழுத்துத் தோன்றுவதற்கு முன்னர் மக்கள் நெடுங்காலம் இந்நிலவுலகில் வாழ்ந்தனர். அவர்கள் பேசிய மொழி மறைந்தது. அவர்களுடைய பெயர்கள் மறைந்தன. அவர்கள் உடுத்த தழையும் தோலும் மட்கின. ஒதுங்கிய குடில்கள் இருந்த இடம் தெரியாமல் அழிந்தன. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவர்கள் கையாண்ட கற்களே. அக்கற்களைக் கொண்டே அவர்களுடைய வரலாற்றை அறிதல் வேண்டும். அதற்கு இரண்டு திறங்கள் தேவை. ஒரு கல்லைக் கண்டவுடன் அது மனிதன் செய்ததா, இயற்கையில் உடைந்ததா என்று தெளிதல் ஒன்று. அக்கல் கிடந்த இடத்தையும் நிலையையும் பிழையின்றிக் குறித்து வைத்தல் மற்றொன்று. பின்னது இல்லையேல் முன்னதனால் விளையும் பயன் மிகச் சிறிது.

இவ்வுண்மை ஐரோப்பாவில் ஒரு பெரும் வழக்கின் வாயிலாகத் தெளிவாயிற்று. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பூசே டி பெர்த் என்பவர் பல ஆண்டுகளாகச் செதுக்கிய கற்களைத் திரட்டினார். அழிந்துபோன விலங்குகளின் எலும்புகள் கிடைக்கும் மண்ணடுக்கிலேயே அவை கிடைத்தன என்று அவர் கூறினார். அறிஞருட் பலர் அதனை நம்பவில்லை. 1859ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் அங்குச் சென்றனர். சரளை அடுக்கில் ஒரு கைக்கோடரி பதிந்திருப்பதைக் கண்டனர். அதனை உடனே பெயர்த்தெடுக்காமல், இருந்த இடத்தில் இருந்தவாறே ஒளிப்படம் எடுக்கச் செய்தனர். அதன் பின்னர் அறிஞருலகம் மனித இனத்தின் தொன்மையை ஏற்கத் தொடங்கிற்று. கற்கள் முன்பே கிடைத்திருந்தன. நம்பிக்கையை உண்டாக்கியது அவை கிடந்த இடத்தைக் காட்டிய சான்றேயாகும்.

அச்செய்தி தமிழகத்திலும் பயன் தந்தது. 1834ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் 1858ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். பாறைகளை ஆராய்வது அவருடைய தொழில். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் சரளைக்காகத் தோண்டப்பட்ட குழியொன்றில் மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றினைக் கண்டார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவியென்று அறியப்பட்ட முதற்கல் அதுவே. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் இக்காலத் திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர்.

ஐரோப்பாவின் கருவிகள் பெரும்பாலும் சக்கிமுக்கிக்கல்லால் ஆனவை. அங்குச் சுண்ணப் பாறைகளின் நடுவே அக்கல் மிகுதியாகக் கிடைக்கிறது. தமிழகத்து மக்களோ தம் மண்ணில் கிடைத்தவற்றைக் கொண்டே கருவி செய்தனர். வட தமிழகத்தில் குவார்ட்சைட்டு என்னும் கடினமான பாறையின் கூழாங்கற்களைப் பயன்படுத்தினர். தென்பாண்டி நாட்டில் வெங்கச்சங்கல்லையும், செர்ட்டு என்னும் இழைந்த கல்லையும் பயன்படுத்தினர். எனவே, நூல்களில் காணும் கருநிறச் சக்கிமுக்கிக் கருவியை மனத்திற் கொண்டு தேடுபவர், தம் காலடியிற் கிடக்கும் வெண்ணிறக் கருவியைக் காணாமற் கடந்துவிடுவர்.

தென்காசி மாவட்டத்துச் சுரண்டையைச் சான்றாகக் கொள்ளலாம். மேற்கே குற்றால மலை நிற்கிறது. தெற்கே சிற்றாறு, குற்றாலத்து அருவி நீரைத் தாங்கித் தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடி, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கிறது. இத்தகைய நிலத்தில் வயல் வரப்பிலும் குளத்துக் கரையிலும் ஓடைப் படுகையிலும் உடைந்த கற்கள் கிடப்பது இயல்பு. ஏர்க்கொழு பட்டு உடைந்த கல்லுண்டு. வண்டிச் சக்கரம் ஏறி நொறுங்கிய கல்லுண்டு. சாலைக்கென்று உடைத்த ஜல்லியும் உண்டு. வெயிலிலும் தீயிலும் வெடித்த கற்களும் உண்டு. இவற்றுள் மனிதன் கருவியாகச் செய்த கல்லைப் பிரித்தறிவது எவ்வாறு?

கருவி செய்பவன் ஒரு கையில் கல்லைப் பிடித்து, மற்றொரு கையிலுள்ள உருண்டைக் கல்லால் அதன் விளிம்பின் அருகே ஓங்கி அடிக்கிறான். கல் இழைந்த தன்மை உடையதாயின், கிளிஞ்சலைப் போன்ற சில்லு ஒன்று அதிலிருந்து தெறித்து விழுகிறது. அடி விழுந்த இடம் சிறிய தட்டையான முகமாகச் சில்லின் மேல்முனையில் தங்குகிறது. அதன் கீழே சில்லின் உட்புறத்தில் மெல்லிய புடைப்பு ஒன்று தோன்றுகிறது. இதனைக் குமிழ் என்பர். நீரில் கல் விழுந்தாற் பரவும் அலைகளைப் போல, அக்குமிழிலிருந்து வளைகோடுகள் விரிந்து செல்கின்றன. தடித்த கண்ணாடிப் புட்டியின் அடிப்பகுதி உடைந்தாலும் இத்தகைய கோடுகளைக் காணலாம். சில்லு நீங்கிய தாய்க்கல்லில் குமிழுக்கு ஈடான குழிவு அமைகிறது. அத்தாய்க்கல்லைக் கருக்கல் என்பர். கருங்கல்லோ பெருமணிகளால் ஆனது. ஆதலின் அதில் இவ்வடையாளங்கள் தெளிவாகத் தோன்றா.

எனினும் ஒரே ஒரு சில்லைக் கொண்டு முடிவு செய்தல் தகாது. வெள்ளத்தில் உருண்டு ஒன்றோடொன்று மோதும் கற்களிலும் ஓரிரு சில்லுகள் பெயர்வதுண்டு. மனிதன் செதுக்கிய கல்லில் ஓர் ஒழுங்கு காணப்படும். விளிம்பு நெடுகிலும் சில்லுகள் ஒன்றையடுத்து ஒன்றாக, ஒரே திசையில் எடுக்கப்பட்டிருக்கும். கைக்கோடரியில் இருபுறமும் செதுக்கப்பட்டு முனை கூர்மையாகும். சுரண்டியில் ஒரு விளிம்பு மட்டும் சிறுசிறு சில்லுகள் நீக்கப்பட்டுத் திண்மை பெறும். மேலும், பழைய செதுக்கலின் முகம் காலத்தால் நிறம் மாறியிருக்கும்; அண்மையில் உடைந்த முகமோ புதுமை மாறாது விளங்கும். கருவியும் கருக்கல்லும் கழிவுச் சில்லுகளும் ஓரிடத்திற் சேர்ந்து கிடப்பின், அங்கே ஒருவன் அமர்ந்து தொழில் செய்தான் என்று கொள்ளுதற்கு வலிய சான்று உண்டு.

இத்தகைய இடங்கள் தாமிரபரணி கடலை அடையும் பகுதியைச் சூழ்ந்த நிலத்தில் உள்ளன. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரப் பகுதியில் செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. மக்கள் அவற்றைத் தேரி என்று வழங்குகின்றனர். பனையும் உடையும் வளரும் அம்மேடுகளில் காற்று மணலை வாரிச் செல்லும்பொழுது, சிறிய கற்கருவிகள் வெளிப்படுகின்றன. அவற்றை நுண்கற்கருவிகள் என்பர். அவற்றுட் பல ஓர் அங்குல அளவினவாகவோ அதனினும் சிறியனவாகவோ உள்ளன. பிறை வடிவமும் முக்கோண வடிவமும் உடைய கருவிகளும், அம்பு முனைகளும், சுரண்டிகளும் அவற்றுள் அடங்கும். இவற்றைத் தனித்தனியே கையிற் பிடித்துப் பயன்படுத்துதல் அரிது. மரத்திலோ எலும்பிலோ பதித்துப் பிசின் இட்டு அம்பாகவும் அரிவாளாகவும் அமைத்தனர் என்று அறிஞர் கருதுகின்றனர்.

தேரிக் கருவிகளை முதலில் கண்டு குறித்தவர் ஃபூட் ஆவார். சாயர்புரத்தில் கிடைத்த கருவிகளைப் பற்றி, சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அ. ஐயப்பன் 1945ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். பின்னர் சாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் முதலிய இடங்களின் கருவிகளை ஆராய்ந்து, 1956ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கருவியின் வடிவத்தை மட்டும் நோக்கவில்லை. அது தேரியின் எந்த மணலடுக்கைச் சேர்ந்தது, அம்மணல் மேடு எழுந்தபொழுது கடல்மட்டம் எவ்வளவு உயர்ந்திருந்தது என்பவற்றையும் நோக்கினர். அக்காலத்தில் கடல் இன்றுள்ளதை விட 20 முதல் 30 அடி வரை உயர்ந்திருந்தது என்றும், கருவிகள் ஏறத்தாழ கி.மு. 4000ஐச் சேர்ந்தவை ஆகலாம் என்றும் கருதினர். இருபுறமும் நுண்ணிதாகச் செதுக்கிய முனைகள் இலங்கையில் கிடைத்தவற்றை ஒத்திருத்தலையும் எடுத்துக்காட்டினர். ஒருவர் அக்கற்களை முன்னரே அள்ளிச் சென்று ஒரே பெட்டியிற் கொட்டியிருப்பாரேல், மணலையும் கடலையும் கல்லையும் இணைத்துக் காணும் வாய்ப்பே இல்லாது போயிருக்கும்.

குறிப்பின் பெருமையை ஃபூட்டின் வாழ்வு இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் திரட்டிய பெருந்தொகுதியை 1904ஆம் ஆண்டில் சென்னை அரசினர் அருங்காட்சியகத்திற்காக விலைக்குப் பெற்றனர். ஃபூட் முதுமையிலும் ஓய்ந்திராமல் ஒவ்வொரு பொருளும் கிடைத்த ஊரையும் இடத்தையும் வரிசைப்படுத்திப் பட்டியல் எழுதினார். 1912ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார். பட்டியல் 1914ஆம் ஆண்டிலும், அதற்குரிய விளக்கநூல் 1916ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. திரட்டியவர் மறைந்தார், ஆயினும் எந்தக் கல் எந்த ஊரினது என்பது மறையவில்லை.

அக்குறிப்பின் பயன் பிற்காலத்தில் விளைந்தது. அத்திரம்பாக்கம் என்னும் பெயர் ஆய்வுநூல்களில் நிலைபெற்றமையால், அறிஞர் பலர் அவ்விடத்தை மீண்டும் மீண்டும் நாடினர். 1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே அடுக்கடுக்காக அகழ்ந்து ஆராய்ந்தனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011ஆம் ஆண்டில் அறிவித்தனர். இடைப் பழங்கற்காலக் கருவிமுறை அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தொடங்கியது என்று 2018ஆம் ஆண்டில் அறிவித்தனர். இவ்வாண்டுக் கணக்கு கல்லின் வடிவத்திலிருந்து பெற்றதன்று. கருவி கிடந்த மண்ணடுக்கையும் அதிற் புதைந்திருந்த கற்களையும் அறிவியல் முறைகளால் ஆராய்ந்து பெற்றதாகும். 1863ஆம் ஆண்டில் இருவர் எழுதிவைத்த ஓர் ஊர்ப்பெயர், 136 ஆண்டுகட்குப் பின்னர் வந்தோர்க்கு வழிகாட்டியாயிற்று.

ஆதலின் கருவி என்று ஐயுறத்தக்க கல்லைக் காண்பவர் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, அதனை எடுக்குமுன் இருந்த இடத்தில் இருந்தவாறே ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். அளவு விளங்குமாறு அருகில் ஓர் அளவுகோலை வைத்தல் நன்று. ஊர்ப்பெயர், நிலத்தின் புல எண், கோயில், குளம் போன்ற நிலையான அடையாளத்திலிருந்து உள்ள தொலைவும் திசையும், கண்ட நாள் ஆகியவற்றை அப்பொழுதே எழுதுதல் வேண்டும். கைபேசி காட்டும் அகலாங்கையும் நெட்டாங்கையும் சேர்த்து எழுதினால் இடம் ஐயமின்றித் தெளிவாகும். கல் மேற்பரப்பிற் கிடந்ததா, ஓடைக்கரையின் வெட்டுமுகத்தில் பதிந்திருந்ததா என்பதும் இன்றியமையாத செய்தியாகும். மண்ணில் பதிந்திருக்கும் கல்லை அசைத்தலும், மேலும் கிடைக்குமோ என்று தோண்டுதலும் கூடா. அகழ்தல் பயிற்சி பெற்றோர் உரிய இசைவுடன் செய்யும் பணியாகும்.

இரண்டாவது, கல்லின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் அளந்து எழுதுதல் வேண்டும். உண்மை அளவில் முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என மூன்று தோற்றங்களையும் வரைதல் வேண்டும். ஒளிப்படத்தில் நிழலால் மறையும் செதுக்கல் வரிசையை ஓவியம் தெளிவாகக் காட்டும். கல்லுக்கு ஓர் எண் இட்டு, அவ்வெண்ணையே பதிவேட்டிலும் எழுதுதல் முறை. எண்ணைக் கூரிய விளிம்பின் மீது எழுதலாகாது. தேய்மானத்தின் தடம் அங்கேயே இருக்கும். அழகிய கருவியைக் கொண்டு கழிவுச் சில்லை விட்டுவிடுதலும் பிழை. கருவி எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்வது அச்சில்லே.

மூன்றாவது, செய்தியை மாவட்ட நிருவாகத்திற்கோ, 1961ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழக அரசின் தொல்லியல் துறைக்கோ, அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்கோ தெரிவித்தல் வேண்டும். தொல்பொருள்களைக் காப்பதற்கென 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இந்தியாவில் உண்டு. பழங்கருவி விலைப்பொருள் அன்று, நாட்டின் ஆவணமாகும்.

தென்காசி மாவட்டத்தின் தொன்மை இன்னும் முழுதும் வெளிப்பட்டுவிடவில்லை. திருமலாபுரத்தில் 2024ஆம் ஆண்டில் அரசு நடத்திய அகழாய்வில் இரும்புக்கால ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. மண்ணும் மணலும் நாள்தோறும் வெட்டி எடுக்கப்படுகின்றன, மேடுகள் மனைகளாகின்றன. ஓலைச்சுவடி அழிந்தால் அதன் படியேனும் வேறிடத்தில் கிடைக்கலாம். கலைந்த மண்ணடுக்கிற்கோ படியென்று ஒன்று இல்லை. இடம் குறிக்கப்படாத கல் ஊரும் பேரும் அற்ற கல்லாகும். அது எத்துணை அழகியதாயினும் வரலாறு கூறாது. குறிப்போடு கூடிய சிறு சில்லோ, பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் ஒருவன் அமர்ந்து தொழில் செய்த இடத்தைக் காட்டும். சுரண்டையின் வயல்வெளியில் ஒரு மாணவன் அத்தகைய கல்லைக் காண்பானாயின், அவன் கையில் முதலில் இருக்க வேண்டியது எழுதுகோலே.