செலவைப் பங்கு போட எந்த இலவச ஆப் நல்லது?

கொடைக்கானல் டூரோ, வேளச்சேரியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடோ, செலவுக் கணக்கு சரியாக இருந்தால்தான் நட்பும் நிம்மதியாக இருக்கும். அதற்குக் காசு கொடுத்து ஆப் வாங்க வேண்டியதே இல்லை. இலவசமாகக் கிடைப்பதில் உங்களுக்குத் தோதானதைப் பிடிக்கச் சில குறிப்புகள்.

1. ஆப்பைப் பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள். புது ஆப் இறக்கவே அலுத்துக்கொள்ளும் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவருக்குச் சுலபமாக இருப்பதுதான் உங்கள் குழுவுக்கு ஏற்ற ஆப். மற்றவர்கள் எல்லாம் எழுதி அவர் ஒருவர் எழுதாவிட்டாலும் கணக்கு இடிக்கும்.

2. பாஸ்வேர்டு, பதிவு எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்ப்ளிட் இணையதளம் வசதி (ஆங்கிலத்தில் தேடும்போது பெயரில் 'ஐ' எழுத்தை இரண்டு முறை போடுங்கள்). ஒருவர் குழுவைத் தொடங்கி லிங்க் அனுப்பினால் போதும், மற்றவர்கள் போன் பிரவுசரிலேயே செலவை ஏற்றலாம். லிங்க் கிடைத்த யாரும் கணக்கைத் திறக்கலாம் என்பதால் குழுவுக்கு வெளியே அனுப்பாதீர்கள்.

3. ஸ்ப்ளிட்வைஸ் பலரது போனில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் இலவசப் பதிப்பில் ஒரு நாளைக்கு இத்தனை செலவுதான் ஏற்றலாம் என்று வரம்பு உண்டு, டூர் நாளில் அது காலை டிபனோடு தீர்ந்துவிடும். ஒரே ஆள் கொடுத்த டீ, பார்க்கிங், தண்ணீர் பாட்டிலையெல்லாம் கூட்டி 'வழிச்செலவு' என்று ராத்திரி ஒரே வரியாகப் போடுங்கள், வரம்புக்குள் அடங்கிவிடும்.

4. டிரைகவுன்ட் பெல்ஜியத்தில் பிறந்த ஆப், 2022ல் நெதர்லாந்தின் பங்க் வங்கி அதை வாங்கியது. ரூபாயிலும் கணக்கு வைக்கலாம், டூர் கணக்குக்கு நன்றாகவே கைகொடுக்கும். பங்க் வங்கியில் கணக்கு தொடங்கச் சொல்லி ஏதாவது வந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

5. மலைக்குப் போகிறவர்கள், நெட் இல்லாமலும் செலவை ஏற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே போனை ஃப்ளைட் மோடில் போட்டுப் பார்த்துவிடுங்கள். கொடைக்கானலை அடுத்த பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போய்த் தேடினால் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.

6. ஆப்பே வேண்டாம் என்றால் கூகுள் ஷீட் போதும்: தேதி, செலவு, தொகை, கொடுத்தவர் என்று நாலு கட்டம். மொத்தம் 18,000 ரூபாய், ஆறு பேர் என்றால் தலைக்கு 3,000. 7,200 கொடுத்தவருக்கு 4,200 வர வேண்டும், 1,000 கொடுத்தவர் 2,000 தர வேண்டும். எல்லோரும் எல்லாச் செலவிலும் சமமாகச் சேரும் குழுவுக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

7. குழந்தைகளோடு போகும் குடும்பங்கள், 'பங்கு' கணக்கில் பிரிக்கும் வசதி இருக்கிற ஆப்பாகப் பார்த்து எடுங்கள். பெரியவருக்கு 2 பங்கு, குழந்தைக்கு 1 பங்கு என்று போட்டால் அரை டிக்கெட் கணக்கு தானாக வந்துவிடும். தம்பதியை ஒரே பெயரில் 4 பங்காகப் போட்டால் பட்டியலும் சுருங்கும்.

8. அசைவம் சாப்பிடாதவர் தலையில் மட்டன் பிரியாணியைக் கட்டாதீர்கள். ஹோட்டல் பில்லை இரண்டு செலவாக ஏற்றி, அவர் பெயரை ஒன்றில் எடுத்துவிடுங்கள். அவரே வாய் திறந்து கேட்கும்படி வைப்பது நன்றாக இருக்காது.

9. 'கடனைச் சுருக்கு' என்ற வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். குமார் செல்விக்கு 300, செல்வி ரவிக்கு 300 தர வேண்டும் என்றால், குமார் நேரே ரவிக்கு 300 அனுப்பினால் தீர்ந்தது. ஆறு பேர் குழுவில் இப்படிச் சுருக்கினால் அதிகபட்சம் ஐந்து தடவை பணம் அனுப்பினாலே போதும்.

10. தலைக்கு 2,000 என்று முன்பணம் வசூலித்து ஒருவர் கையில் கொடுப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. அந்த வசூலைச் செலவாக ஏற்றாமல், அவருக்குக் கொடுத்த பணமாக ஏற்றுங்கள். இல்லையென்றால் ஒரே தொகை இரண்டு முறை கணக்கில் ஏறும்.

11. சொந்தக் காரில் போனால் டோல் பணம் ஃபாஸ்டேகில் சத்தமில்லாமல் போய்விடும். கார்க்காரர் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துக் கூட்டி, பெட்ரோலோடு சேர்த்து ஏற்றட்டும்.

12. வாடகை வீட்டுக்காரர்கள், மாதா மாதம் தானாகச் செலவு ஏறும் வசதி இருக்கிறதா என்று பார்த்து எடுத்தால் வாடகையும் வைஃபையும் மறக்காது. கரண்ட் பில் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், நடுவில் யாராவது குடிவந்தாலோ காலி செய்தாலோ அன்றைக்கே மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். பில் வந்ததும் யூனிட் கணக்கில் பிரித்துக்கொள்ளலாம்.

13. இந்த ஆப்கள் கணக்கு நோட்டு வேலை மட்டும் செய்தால் போதும். வங்கி விவரம், எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். காண்டாக்ட் அனுமதி கொடுக்காமல் பெயரை நீங்களே டைப் செய்தாலும் வேலை நடக்கும்.

14. தனிநபருக்குள் யுபிஐயில் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கை 2025 அக்டோபர் 1 முதல் கிடையாது. அதனால் உங்கள் க்யூஆர் படத்தையோ யுபிஐ ஐடியையோ குரூப்பில் போட்டுவிடுங்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, யார் கேட்டாலும் போடாதீர்கள்.

15. வெளிநாட்டுப் பயணமா? ஸ்ப்ளிட்வைஸில் கரன்சி மாற்றும் வசதி காசு கொடுப்பவர்களுக்குத்தான். கார்டில் எத்தனை ரூபாய் பிடித்தார்களோ அதையே ரூபாயில் ஏற்றுங்கள், வங்கி எடுத்த கூடுதல் கட்டணமும் அதில் சேர்ந்துவிடும்.

16. குழு லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் பின் செய்யுங்கள், 30 நாள் வரை மேலேயே நிற்கும். திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே கணக்கைச் சரிபார்த்து, சில்லறையை விட்டுவிட்டு முழு ரூபாயில் முடியுங்கள். இறங்குவதற்குள் பணத்தையும் அனுப்பிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.