பிள்ளைகள் கற்றதைக் கேட்போம்

சென்னிமலைத் தறிவீடுகளில் வளர்ந்து, தமிழ்வழியில் பயின்ற பிள்ளைகளுக்குக் கல்லூரியின் முதலாண்டு கடினமானதே. பெருந்துறையில் 1984-இல் தொடங்கப்பெற்ற கொங்கு பொறியியற் கல்லூரி போன்றவற்றில் பாடங்கள் ஆங்கிலத்தில் அமைகின்றன. "கல்லூரியையே காணாத நாம் என்ன உதவ இயலும்?" எனப் பெற்றோர் கவலுறுகின்றனர்.

இதற்கு விடை நம் அருகிலேயே உள்ளது. பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தைச் சார்ந்தவராகப் போற்றப்படும் பவணந்தி முனிவர், 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றினார். அதன் பொதுப்பாயிரம் புலமையை நான்கு கூறாகப் பகுக்கின்றது. ஆசிரியர் உரைப்பதை நன்கு உளங்கொண்டாலும் கிட்டுவது காற்கூறே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு சேரும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிறைவெய்தும்.

எடுத்துரைக்கக் கேட்போர் வேண்டுமன்றோ? அவ்விடத்தில் நாம் அமரலாம். விடுதியிலிருந்து வரும் மகனிடமோ மகளிடமோ மதிப்பெண்ணை முதலில் வினவாது, அவ்வாரம் கற்றவற்றுள் ஒன்றைத் தமிழில் விளக்குமாறு கேட்போம். சொல்லத் தடுமாறும் இடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம் என்பதைப் பிள்ளை தானே உணரும். அவ்வேளையில் கடிந்துரைத்தால் மறுமுறை வாய் திறவாது. தேர்வில் தவறியதையும் மறைக்கத் துணியும். தோழரோடு கூடிப் படிப்பதை வீண்பொழுது எனத் தடுத்தலும் ஆகாது; அது முனிவர் கூறிய காற்கூறு.

கட்டணம் செலுத்துவதோடு நம் கடமை முடிவதில்லை. வாரம் அரைமணி நேரமேனும் பொறுமையுடன் செவிசாய்ப்போம். பெற்றோர் கல்லாதவராயினும் பிள்ளையின் கல்விக்கு அது பெருந்துணையாகும்.