பந்தலில் விட்ட நெற்று

கொடியில் தோன்றும் ஒன்றிற்கே அதன் பருவத்திற்கேற்பப் பல பெயர்கள் தமிழில் உண்டு. அரும்பு மலர்ந்தால் பூ. பூ உதிர்ந்த இடத்தில் தோன்றுவது பிஞ்சு. பிஞ்சு பருத்தால் காய். அவரை, துவரை போன்றவற்றின் காய் கொடியிலோ செடியிலோ இருந்தபடியே முற்றி உலர்ந்துவிட்டால் அதனை நெற்று என்பர். உணவிற்கு வேண்டியது இளங்காய். அடுத்த ஆண்டு விதைப்பதற்கு வேண்டியது நெற்று. ஒன்றை மிகுதியாகக் கொண்டால் மற்றொன்று குறையும். பருவத்தின் இறுதியில் அவரைப் பந்தலைப் பேணுவோர் இதனை மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

அவரை இந்தியா முழுவதும் பயிராகிறது. இந்தியில் இதனைச் சேம் என்றும், தெலுங்கில் சிக்குடு என்றும், கன்னடத்தில் அவரெ என்றும் வழங்குவர். குஜராத் மக்கள் குளிர்காலத்தில் விரும்பிச் சமைக்கும் உந்தியு என்னும் கறியில் சேரும் சூரத்துப் பாப்டியும் அவரையின் ஒரு வகையே. தினை அரிந்த புனத்தில் அவரை பூப்பதைப் பனிக்காலத்தின் அடையாளமாகக் குறுந்தொகைப் பாடல் ஒன்று காட்டுகிறது. புலவர் கண்டது உண்மையே. கொடியவரையின் பழைய இரகங்கள் பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும் இயல்புடையன. (எப்பருவத்திலும் பூக்கும் குத்துச்செடி இரகங்களும் இன்று உள்ளன. அவை இப்பாடத்திற்குப் புறம்பானவை.)

பள்ளித் தோட்டத்தில் ஜூலை மாதம் விதைத்த அவரை, ஆண்டு முடிவில் பூத்துப் பிப்ரவரி வரை காய்க்கும். அப்போது ஆண்டுத் தேர்வு நெருங்கிவிடுவதால் பந்தலின் பக்கம் செல்வோர் அரியர். கொடிக்குக் கவனிப்பு மிகவும் வேண்டிய காலமும் அதுவே.

காய்களை இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை தவறாது பறித்தல் முதற்பணி. விதையை உண்டாக்குவதே கொடியின் நோக்கம். சில காய்களில் விதை முற்றத் தொடங்கியதும் கொடி தன் உணவை அவற்றிற்கே செலுத்தும். புதிய பூக்கள் குறையும். இலை மறைவில் தப்பிய காய்கள் பல இருப்பின் காய்ப்பு விரைவில் ஓயும். ஆகவே பந்தலின் மேற்புறத்தை மட்டும் பார்த்து மீளுதல் கூடாது. கீழே நின்று அண்ணாந்தும் பார்த்தல் வேண்டும். பழுத்த இலைகளைக் கிள்ளி எறிந்தால் காற்றும் ஒளியும் உட்புகும். நுனித்தளிரில் அசுவினி கருமையாக மொய்த்திருந்தால் அந்நுனியைக் கிள்ளி அகற்றலாம். நீரை விசையுடன் பீய்ச்சியும் அவற்றை உதிர்க்கலாம். எறும்புகள் வரிசையாக ஏறுவது அசுவினி இருப்பதற்கு நல்ல அறிகுறி.

இனி, விதைக்கு எக்காய்களை விடுவது? பெரும்பாலோர் நல்ல காய்களையெல்லாம் பறித்து உண்டபின், கடைசியில் எஞ்சிய சிறுத்த காய்களை விதைக்கென விட்டுவிடுகின்றனர். இது பிழையான வழக்கம். ஆண்டுதோறும் இவ்வாறு செய்தால் தளர்ந்த கொடியின் விதையே மீண்டும் மீண்டும் மண்ணிற்குச் செல்லும். தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டில் காக்கப்பட்ட இரகம், விதை எடுக்காத ஓர் ஆண்டிலேயே அவ்வீட்டை விட்டு நீங்கிவிடவும் கூடும். கடையில் வேறு விதை கிடைக்கும்; அவ்விதை கிடைப்பது அரிது.

எனவே டிசம்பர் மாதத்திலேயே, கொடி செழித்து நிற்கும்போது, நோயின்றி மிகுதியாகக் காய்க்கும் கொடியைத் தேர்ந்து அதில் வண்ண நூல் ஒன்றைக் கட்டிவைத்தல் வேண்டும். அக்கொடியில் பருத்த காய்கள் சிலவற்றைப் பறிக்காமல் விடுக. அவரை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. எனினும் வண்டுகள் மகரந்தத்தை இடம் மாற்றுவதுண்டு; பச்சை அவரையும் சிவப்பு அவரையும் அருகருகே படர்ந்திருந்தால் விதை கலக்கக்கூடும். நெற்று வைக்கோல் நிறமடைந்து, அசைத்தால் உள்ளே விதை கலகலவென ஒலிக்கும்போது பறித்தல் நன்று. உடைத்த விதைகளில் துளையுள்ளவற்றை நீக்குக. பயறு வண்டு தோட்டத்திலேயே காயின்மேல் முட்டையிட்டு விதையுடன் வீட்டிற்குள் வந்துவிடும். நன்கு உலர்ந்த விதையைச் சாம்பலில் புரட்டி, மூடியுள்ள கலத்தில் இட்டு, இரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்தல் வேண்டும்.

காய்ப்பு ஓய்ந்த கொடியைக் கவாத்து செய்தால் மீண்டும் தளிர்க்கும். ஆயினும் பூச்சியும் நோயும் உடன் தொடரும். புதிதாக விதைப்பதே மேல்.

கொடியை வேரோடு பிடுங்காமல் தரையையொட்டி அறுத்தல் நன்று. வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகின்றன. கொடி செழித்திருக்கும்போது ஒரு முடிச்சைக் கீறிப் பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். முதிர்ந்த கொடியில் அந்நிறம் மங்கிப் பழுப்பாகும். அந்நைட்ரஜனில் பெரும்பங்கு விதைக்குச் சென்றுவிடுவதால், வேரை மட்டும் விட்டால் மண் வளம் பெறும் என எண்ணிவிடலாகாது. இலையையும் கொடியையும் மட்கச் செய்து அதே பாத்தியில் இடுதல் வேண்டும்.

சொற்பொருள்
புனம் – மலைநிலத்து விளைநிலம்
கவாத்து – கிளைகளை வெட்டிச் சீர்செய்தல்
கலம் – பாத்திரம்
பாத்தி – பயிரிடக் கட்டிய சிறு நிலப்பகுதி

பயிற்சி
1. இலை மறைவில் காய்கள் தப்பிவிட்டால் காய்ப்பு ஓய்வது ஏன்?
2. விதைக்குரிய கொடியை டிசம்பரிலேயே தேர்ந்தெடுக்க வேண்டிய காரணத்தை எழுதுக.
3. ‘காய்’ என்னும் சொல்லைப் பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் அமைத்து இரு தொடர்கள் எழுதுக.
4. நீங்கள் வாழும் ஊரில் அவரைக்கு வழங்கும் பெயரையும், அதனைக் கொண்டு சமைக்கும் ஓர் உணவையும் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.
5. உங்கள் பள்ளித் தோட்டத்து அவரை விதையை அடுத்த வகுப்பு மாணவரிடம் ஒப்படைக்கும்போது உடன் வைக்கும் குறிப்புச் சீட்டு ஒன்றை எழுதுக.