ஆல்கோ ஏன் கீச்சிடுகிறது?

கேள்வி: ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டரில் டபிள்யூடிஎம்-2 டீசல் லோகோ ஓட்டிப் பழகுகிறேன். எங்கள் ஊர் ஷெட்டில் சின்ன வயதிலிருந்து கேட்ட ஆல்கோ சத்தம் இதில் வரவே மாட்டேன் என்கிறது. ஐடிலில் பரவாயில்லை. த்ராட்டில் நாட்ச் ஏற ஏறக் குரல் கீச்சென்று ஆகிவிடுகிறது. கேபுக்குள் போனாலோ காது அடைக்கிறது. வால்யூமைக் குறைத்தால் ஹாரனும் சேர்ந்து அமுங்கிப் போகிறது. எங்கே கைவைப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் வால்யூமை விட்டுக் கையை எடுங்கள். அது கடைசி வேலை.

ஓப்பன் ரெயில்ஸ், 2001இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் கோப்புகளை அப்படியே படிக்கும். உங்கள் லோகோவின் ஃபோல்டருக்குள் சவுண்ட் என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதில் எஸ்எம்எஸ் என்று முடியும் கோப்புகள் பெரும்பாலும் இரண்டு: ஒன்று வெளியே நின்று கேட்பதற்கு, மற்றது கேபுக்குள் கேட்பதற்கு. இரண்டுமே நோட்பேடில் திறக்கும் வெறும் எழுத்துக் கோப்புகள். திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். சேமிக்கும்போது யுடிஎஃப்-16 எல்இ என்பதையே தேர்ந்தெடுங்கள். பழைய நோட்பேடில் இதற்கு யூனிகோட் என்று பெயர்.

இனி கீச்சுக் குரலுக்கு வருவோம். கோப்பில் ஒவ்வொரு ஒலிக்கும் ஸ்ட்ரீம் என்று தனிப் பகுதி உண்டு. அதற்குள் ஃப்ரீக்வென்ஸி கர்வ் என்று இருப்பதுதான் சுருதியை ஏற்றி இறக்குகிறது. டீசல் லோகோவில் அது வேரியபிள்2 என்ற எண்ணைப் பார்த்து ஓடும். ஐடிலில் அந்த எண் 0, முழுச் சுற்றில் 1.

டபிள்யூடிஎம்-2இல் இருப்பது 16 சிலிண்டர் ஆல்கோ 251பி. நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் ஒரு சுற்றுக்கு எட்டு சிலிண்டர் வெடிக்கும். ஐடிலில் நிமிடத்துக்கு 400 சுற்று, அதாவது வினாடிக்கு 53 வெடிப்பு. எட்டாம் நாட்சில் 1000 சுற்று, 133 வெடிப்பு. ஆக, ஐடிலுக்கும் எட்டாம் நாட்சுக்கும் உள்ள விகிதம் இரண்டரை மடங்குதான். உங்கள் கோப்பில் கர்வ் 11025இல் தொடங்கி 44100இல் முடிகிறதா என்று பாருங்கள். அப்படியானால் சத்தம் நான்கு மடங்கு இழுபடுகிறது. அந்த 44100ஐ 27500 பக்கம் கொண்டுவந்தாலே பாதிக் கீச்சு அடங்கும்.

மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. சுற்று ஏறினால் வெடிப்பு வேகமாகும். ஆனால் புகைபோக்கியும் எஞ்சினை மூடிய தகடுகளும் அதிரும் சுருதி அதோடு சேர்ந்து ஏறாது. ஒரே பதிவை இழுக்கும்போது அந்த அதிர்வும் மேலே போய்விடும். பெரிய எஞ்சின் பொம்மை எஞ்சின் போலக் கேட்பது இதனால்தான். ஒரே வேவ் கோப்பை வைத்துக்கொண்டு எட்டு நாட்சையும் சமாளிக்கும் ஆட்-ஆன்களை நான் இறக்கியவுடனே அழித்துவிடுவேன். குறைந்தது மூன்று பதிவு வேண்டும்: ஐடில், நடு, முழுச்சுற்று. நடுப்பதிவு 700 சுற்றில் எடுத்தது, 22050 ஹெர்ட்ஸ் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். வேரியபிள்2 0.25 ஆகும்போது எஞ்சின் 550 சுற்றில் இருக்கும், 0.75இல் 850 சுற்று. எனவே நடு ஸ்ட்ரீமின் கர்வில் 0.25க்கு நேரே 17325, 0.75க்கு நேரே 26775 என்று போடுங்கள். மற்ற இரண்டுக்கும் இதே கணக்கு. அடுத்து வால்யூம் கர்வ். 0.25க்கும் 0.4க்கும் இடையில் ஐடில் மெல்ல மறைந்து நடு எழட்டும். 0.6க்கும் 0.75க்கும் இடையில் நடு மறைந்து முழுச்சுற்று எழட்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சத்தம் லேசாகப் பொங்குவதுபோல் இருந்தால் அங்கே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சூத்திரம் கிடையாது, காதுதான்.

டர்போ விசிலைத் தனி ஸ்ட்ரீமாக வையுங்கள். 0.4 வரை அது கேட்கவே வேண்டாம். ஆல்கோவில் நாட்ச் போட்டதும் முதலில் கரும்புகை வரும், டர்போ ஆற அமரப் பிறகுதான் எழும்பும்.

இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் ஆல்கோ போல இல்லையென்றால் குற்றம் ஒலிக்கோப்பில் இல்லை, லோகோவின் இயக்கத்தை வரையறுக்கும் ஈஎன்ஜி கோப்பில் இருக்கிறது. ஐடில் சுற்று 400, அதிகபட்சம் 1000 என்று அதில் இருக்கிறதா? வினாடிக்கு எத்தனை சுற்று ஏறலாம் என்று ஒரு வரி இருக்கும். அதில் 100 என்று போட்டிருந்தால் ஆறே வினாடியில் ஐடிலிலிருந்து உச்சிக்குத் தாவிவிடும். கார் ஆக்ஸிலரேட்டர் மிதித்த மாதிரி கேட்கும். 30 என்றால் இருபது வினாடி. உண்மையான டபிள்யூடிஎம்-2 புறப்படும் காணொளி ஒன்றைக் கடிகாரத்தோடு கேட்டு அந்த எண்ணை முடிவு செய்யுங்கள். வேறு எதைத் திருத்தினாலும் இந்த ஓர் எண் தரும் மாற்றம் வராது.

கேபில் காது அடைப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இரண்டு எஸ்எம்எஸ் கோப்பும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. வெளிக்கோப்பின் ஆக்டிவேஷன் பகுதியில் எக்ஸ்டர்னல்கேம் இருக்க வேண்டும், கேப்கேம் இருக்கக் கூடாது. ஓட்டும்போதே ஆல்ட்-எஸ் அழுத்தினால் அப்போது எந்தெந்த ஒலி ஓடுகிறது என்று ஒரு பலகை காட்டும். சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். கேபுக்கான பதிவில் மேல்ஸ்தாயியைச் சற்று வெட்டிவிடுங்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவது உறுமல்தான், இரைச்சல் அல்ல.

ஹாரன் அமுங்கியது, நீங்கள் கோப்பின் தலைப்பிலேயே உள்ள வால்யூம் எண்ணைத் தொட்டதால். அது எல்லா ஸ்ட்ரீமுக்கும் பொது. அதை 1க்குத் திருப்பிவிட்டு, எஞ்சின் ஸ்ட்ரீம்களின் வால்யூம் கர்வை மட்டும் இறக்குங்கள்.

கேள்வி: ஹாரனை அழுத்திப் பிடித்தால் ஒரே சீராக ஒலிக்காமல் விட்டுவிட்டு 'டிக்' என்று வெட்டுகிறது. நல்ல பதிவுதான் போட்டிருக்கிறேன்.
– வாசகர், திருச்சி

பதில்: பதிவு நல்லதாகவே இருக்கட்டும், அதற்குள் குறிகள் இருக்கின்றனவா? ஹாரன் வேவ் கோப்புக்கு எடுப்பு, நீட்டல், அடங்கல் என்று மூன்று பகுதி. நீட்டல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் க்யூ பாயின்ட் வைக்க வேண்டும். கோல்ட்வேவ் போன்ற மென்பொருளில் வைக்கலாம். அலை சுழிக்கோட்டைக் கடக்கும் இடமாகப் பார்த்து இரண்டு குறியையும் வையுங்கள், 'டிக்' போய்விடும். எஸ்எம்எஸ் கோப்பில் டிரிக்கர் 8 ஹாரனை அழுத்தியதற்கு, 9 விட்டதற்கு. 9 இல்லாவிட்டால் கையை எடுத்த பிறகும் ஹாரன் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டீரியோ பதிவாக இருந்தால் மோனோவாக்கிவிடுங்கள். ஸ்டீரியோ ஒலிக்குத் திசையும் தூரமும் அமையாது.

கேள்வி: டபிள்யூஏபி-4க்கும் டீசலுக்குச் சொன்ன அதே முறைதானா?
– வாசகர், அரக்கோணம்

பதில்: இல்லை. மின்சார லோகோவில் நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி இரையும் ஒலிகளே அதிகம்: ஆர்னோ கன்வர்ட்டரின் ரீங்காரம், புளோயர்களின் காற்றிரைச்சல். அவற்றுக்கு ஃப்ரீக்வென்ஸி கர்வே வேண்டாம். மோட்டார், கியர் முனகல் மட்டும் வேகத்தோடு ஏற வேண்டும். அதன் கர்வை வேரியபிளுக்குப் பதில் ஸ்பீடு கன்ட்ரோல்டு என்று மாற்றுங்கள். கம்ப்ரஸர் அவ்வப்போது ஓடி நிற்கட்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.