கைவேலை ஸ்பீக்கர் வாங்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

கடையில போய் ஸ்பீக்கர் கேட்டா, உன் காதுல விழறதுல பாதி அந்தக் கடை ரூமோட சத்தம்தான். மரப்பெட்டி அறுத்து, கையால சேர்த்துச் செஞ்சு தர்றவர்கிட்ட வாங்கறதுல ஒரு வசதி உண்டு. "ஒரு வாரம் வீட்ல வச்சுக் கேட்டுட்டுச் சொல்றேன்"னு தைரியமா கேக்கலாம். தன் வேலைமேல நம்பிக்கை இருக்கறவர் பெரும்பாலும் ஒத்துக்குவார். கொஞ்சம் அட்வான்ஸ் கேட்டாலும் பரவாயில்ல, கொடு. ஒத்துக்கவே மாட்டேன்னா வேற ஆளைப் பாரு தங்கச்சி. இப்ப நான் சொல்லப் போறது எல்லாம் அந்த ஒரு வாரத்துல செய்ய வேண்டியது.

பெட்டி வந்ததும் வயரை மாட்ட ஓடாத. விரல் முட்டியால பக்கவாட்டுப் பலகையைத் தட்டு. மண்பானை வாங்கறப்ப 'ணங்'குன்னா நல்ல பானைம்போம் இல்லையா, இங்க நேர் எதிர். 'தொப்'புன்னு அடங்கணும். 'ணங்'குன்னா, பாட்டு ஓடறப்ப பெட்டியும் கூடவே பாடும், ஆம்பளைக் குரல்ல இல்லாத கனம் ஏறிக்கும்.

கனமான பெட்டிதான் நல்ல பெட்டின்னு ஆளாளுக்குச் சொல்வாங்க. அதை அப்படியே நம்பாத. 1970-கள்ல பிபிசி தன்னோட வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள்ள வைக்கறதுக்காக ஒரு குட்டி ஸ்பீக்கரை வடிவமைச்சது. எல்எஸ்3/5ஏ-ன்னு பேர். உயரம் ஒரு அடிதான், பலகை வெறும் 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட். உள்பக்கம் அதிர்வைக் குடிக்கற பட்டையை ஒட்டி, பெட்டியோட குரலை அடக்கிட்டாங்க. மனுஷக் குரலை அது தர்ற அழகுக்காக இன்னிக்கும் தேடி வாங்கறவங்க உண்டு, பிரிட்டன்ல இன்னும் புதுசாவும் செய்யறாங்க. அதனால எத்தனை கிலோன்னு கேக்காத, உள்ள என்ன ஒட்டியிருக்கு, குறுக்குச் சட்டம் எங்க வச்சிருக்குன்னு கேளு. எம்டிஎஃப் பலகைன்னா அறுத்த ஓரமெல்லாம் சீல் பண்ணியிருக்கான்னு அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாரு. நம்ம கடலோரக் காத்துல அது ஈரம் குடிச்சு உப்பிடும். பேஸ் தர்ற வூஃபரைச் சுத்தி இருக்கற வளையம் ரப்பரா, ஃபோமான்னும் கேட்டுக்க. ஃபோம் நம்ம ஊர்ப் புழுக்கத்துல சில வருஷத்துல பொடிஞ்சு உதிர ஆரம்பிக்கும். எனக்கு ரப்பர்தான்.

அடுத்து, எங்க வைக்கறதுங்கறது. அலமாரிக்குள்ள புத்தகத்துக்கு நடுவுல திணிக்காத. பின்பக்கம் போர்ட் ஓட்டை இருந்தா சுவத்துலருந்து ஒரு அடிக்கு மேலயாவது தள்ளி வை. சுவத்தை ஒட்டினா பேஸ் வீங்கும், மூலையில வச்சா இன்னும் வீங்கும். முதல் நாள் "அடேயப்பா, என்ன பேஸ்"னு தோணும், நாலாம் நாள் தலை வலிக்கும். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரத்துல நீ உக்காரு. மேல் சுருதிச் சத்தம் தர்ற ட்வீட்டர் உன் காது உயரத்துல இருக்கணும். தரையில சம்மணம் போட்டுக் கேக்கற பழக்கம்னா, சோஃபாவுக்குன்னு அளவெடுத்த ஸ்டாண்டு உனக்கு உயரமாப் போயிடும். செய்யறவர்கிட்ட இதை முன்னாடியே சொல்லிடு.

நம்ம ஃப்ளாட்டெல்லாம் டைல்ஸ் தரை, கான்க்ரீட் சுவர். நடு ஹால்ல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாரு, 'ட்ரிங்'குன்னு திரும்பி வரும். அந்த 'ட்ரிங்' ஒவ்வொரு பாட்டு மேலயும் ஒட்டிக்கும். ஒரு பவானி ஜமக்காளத்தை விரிச்சு, ஜன்னலுக்குத் தடிச்ச திரை போட்டா வர்ற மாற்றம், ஆம்ப்ளிஃபையரை மாத்தினாக்கூட வராது. ஃபேனை நிறுத்தாத. நீ தினமும் ஃபேன் ஓடறப்பதான் கேக்கப் போற, பரீட்சையும் அப்படியே நடக்கட்டும்.

இப்ப பாட்டுக்கு வருவோம். முதல்ல 1950-கள்ல வந்த ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு. அதெல்லாம் மோனோ, அதனால குரல் ரெண்டு பெட்டிக்கும் சரியா நடுவுலருந்து வரணும். பரந்து, எங்கருந்து வருதுன்னே தெரியாம, பேஸும் இல்லாம இருந்தா பயப்படாத. ஒரு பெட்டியில சிவப்பு, கறுப்பு வயர் மாறியிருக்கும். ரெண்டு பெட்டியில ஒண்ணுல மட்டும் வயரை மாத்தி மாட்டு, குரல் நடுவுக்கு வந்துடும்.

அப்புறம் எம்.எஸ். அம்மாவும் ராதா விஸ்வநாதனும் சேர்ந்து பாடின வெங்கடேச சுப்ரபாதம். 1963-ல வந்த ரெக்கார்டு, நம்ம காதுல ஊறிப் போனது. அதனாலதான் அதைச் சொல்றேன். சுமாரான ஸ்பீக்கர்ல அது ஒரே குரலாத்தான் கேக்கும். நல்ல ஜோடியில, ரெண்டு பேர் பாடறாங்க, ஒரு குரல் இன்னொண்ணை ஒட்டி நடக்குதுன்னு புரியும். ட்வீட்டரும் வூஃபரும் கைமாத்திக்கற இடம், அதாவது கிராஸ்ஓவர், பெரும்பாலும் 2,000-லருந்து 3,000 ஹெர்ட்ஸுக்குள்ள விழும். சொல்லோட தெளிவு இருக்கற இடமும் அதுதான். கைவேலைக்காரர் எவ்வளவு உழைச்சிருக்கார்னு அங்க தெரிஞ்சுடும். 'ச', 'ஷ' வர்ற இடத்துல ஊசி குத்தினா, பாலிஷ் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்னு சொல்லு.

மிருதங்கம் தனி ஆவர்த்தனம் ஒண்ணு கட்டாயம் போடு. வலந்தலையில சுருதி சுத்தமா கேக்கறது சுலபம், பல பெட்டியில வரும். இடப்பக்கத் தொப்பியில கும்கி நாதம் வழுக்கி ஏறுதே, அதைக் கவனி. ஏறுற வழுக்கல் வழுக்கலாவே கேட்டா பேஸ் சரி. எந்த அடி விழுந்தாலும் ஒரே 'டும்'னா, அது மிருதங்கம் இல்ல, போர்ட் தன் பாட்டுக்கு முழங்குது. அஞ்சு அங்குல வூஃபர்கிட்ட தியேட்டர் அதிர்வை எதிர்பார்க்காத. கொஞ்சமா வந்தாலும் சுத்தமா வர்ற பேஸ்தான் வீட்டுக்கு நல்லது. கடைசியா, வெறும் தம்பூராவை மட்டும் அரை மணி நேரம் ஓட விட்டு, நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. எப்ப நிறுத்தலாம்னு கை துடிச்சா ட்வீட்டர் கூர்மை அதிகம்.

பழைய ஸ்பீக்கரோட ஒப்பிடறப்ப ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரே ஒரு டெசிபல் சத்தம் கூடுதலா இருந்தாலும் காது அதைத்தான் "நல்லாயிருக்கு"ன்னு சொல்லும். போன்ல ஒலி அளக்கற ஆப் போட்டு, ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டு அப்புறம் கேளு. விக்கறவர் தன் பெட்டிக்குத் திருகைக் கொஞ்சம் கூட்டி வைக்கறாரான்னும் ஒரு கண் வை.

இதே டெசிபல் கணக்கு ஆம்ப்ளிஃபையருக்கும் வரும். சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் சத்தம் கொடுக்கறதுல சோம்பேறி. ஒரே வாட்ஸுக்கு 3 டெசிபல் குறைவா சத்தம் தர்ற பெட்டியை மத்ததோட அளவுக்குப் பாட வைக்க ரெட்டிப்பு வாட்ஸ் வேணும். ஸ்பீக்கர் 4 ஓம்னா உன் ஆம்ப்ளிஃபையர் தாங்குமான்னு பின்பக்கம் எழுதியிருக்கறதைப் படி. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடறப்ப 'ஸ்ஸ்ர்'னு உறுமினா ஸ்பீக்கரைத் திட்டாத, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் பண்ற வேலை அது. வயர் விஷயம் ஒரு வரி: தடிமனான சாதாரணச் செம்பு வயர் போதும். "நூறு மணி நேரம் ஓடினா சத்தம் பழகிடும்"னு சொல்வாங்க. வூஃபர் கொஞ்சம் இளகும்தான், ஆனா அதைவிட அதிகமா இளகறது நம்ம காது. ஏழு நாள்ல பிடிக்காதது அப்புறமும் பிடிக்காது, திருப்பிக் கொடுத்துடு.

பிடிச்சுப் போச்சா? மீதிப் பணத்தைக் கொடுக்கறதுக்கு முன்னாடி ட்வீட்டர், வூஃபர் ரெண்டோட கம்பெனிப் பேர், மாடல் நம்பர், கிராஸ்ஓவர் படம் மூணையும் அவர் கையாலயே எழுதி வாங்கிடு. சில வருஷம் கழிச்சு ஒரு ட்வீட்டர் எரிஞ்சா, செஞ்சவர் அப்ப தொழில்ல இருக்காரோ இல்லையோ, அந்தத் தாளை வச்சுத்தான் சரிபண்ண முடியும்.