இங்கிலீஷ் இடியம்ஸ் படிக்கிறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு ஆரம்பி

"500 இடியம்ஸ்"னு ஒரு பி.டி.எஃப். போன்ல வச்சிருக்கியா? முதல்ல அதை டெலிட் பண்ணு. கோபப்படாதே கண்ணு, காரணத்தோடதான் சொல்றேன். இருபது வருஷமா தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த லிஸ்ட்டை 'ஏ'யில ஆரம்பிச்சு 'சி'யைத் தாண்டின பிள்ளையை இதுவரைக்கும் பார்க்கலை. மனப்பாடம் பண்ணினதும் பரீட்சை முடிஞ்ச கையோட போயிடுது. லிஸ்ட்டுல அர்த்தம் இருக்கும். அதை யார், யார்கிட்ட, எந்த நேரத்துல சொல்வாங்கன்னு இருக்காது. இடியம்ல பாதி விஷயமே அதுலதான் இருக்கு.

உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். அதனால தேவையானதை மட்டும் சொல்றேன்.

1. முதல்ல காது, அப்புறம் வாய்

இடியம் பேசலைன்னா யாரும் உன்னைக் குறைவா நினைக்க மாட்டாங்க. எதிர்ல இருக்கிறவங்க சொன்னது புரியலைன்னாதான் வேலை கெடும். அதனால ஆறு மாசத்துக்கு நீ எதையும் பேச வேண்டாம். புரிஞ்சுக்கிட்டா போதும். ஆபீஸ் போற பிள்ளைன்னா இந்த எட்டுல ஆரம்பி:

• கால் இட் எ டே: இன்னிக்கு வேலை இதோட போதும். போன் பண்றதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.
• ஆன் த சேம் பேஜ்: ரெண்டு பேரும் ஒரே மாதிரி புரிஞ்சுக்கிட்டிருக்கோம்.
• கீப் மீ போஸ்டட்: என்ன நடக்குதுன்னு அப்பப்போ தகவல் சொல்லு.
• டச் பேஸ்: சுருக்கமா ஒரு வார்த்தை பேசிக்கலாம்.
• த பால் இஸ் இன் யுவர் கோர்ட்: இனி முடிவு எடுக்க வேண்டியது நீதான். இதைக் கேட்டுட்டுப் பதில் வரும்னு காத்திருக்காதே.
• கட் கார்னர்ஸ்: செலவையோ நேரத்தையோ மிச்சம் பிடிக்க வேலையில அரைகுறை பண்றது. இது குறை சொல்ற வார்த்தை.
• பால்பார்க் ஃபிகர்: உத்தேசமா ஒரு கணக்கு.
• அண்டர் த வெதர்: உடம்பு கொஞ்சம் சரியில்லை.

2. புரியலைன்னா கேளு, தலையாட்டாதே

எங்க தெருப் பொண்ணு ஒருத்தி, அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்யற டீம்ல சேர்ந்த புதுசு. மீட்டிங்கில அந்தப் பக்கத்துக்காரர் ஒரு விஷயத்தைக் காட்டி "லெட்ஸ் டேபிள் திஸ்"னு சொல்லியிருக்கார். இவ படிச்சிருந்தது பிரிட்டிஷ் அர்த்தம். அங்கே 'டேபிள்'னா விவாதத்துக்கு எடுத்து வைக்கிறது. மறுநாள் கேட்பாங்கன்னு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஸ்லைடு தயார் பண்ணினா. விடியற்காலை நாலு மணிக்கு அவங்க வீட்டு வாசல் லைட் எரிஞ்சதை நானே பார்த்தேன். மறுநாள் ஒருத்தரும் அதைப் பத்தி வாயே திறக்கலை. அமெரிக்காவுல 'டேபிள்'னா இப்போதைக்குத் தள்ளிவைன்னு அர்த்தம். அதே வார்த்தைதான், அர்த்தம் நேர் எதிர்.

"புரியலை"ன்னு சொல்லக் கூச்சமா இருந்தா ஒரு வழி இருக்கு. நீ புரிஞ்சுக்கிட்டதை எளிமையான இங்கிலீஷ்ல திருப்பிக் கேளு: "ஸோ, வீ வில் டிஸ்கஸ் திஸ் லேட்டர்?" சரின்னா சரிம்பாங்க, தப்புன்னா திருத்துவாங்க. ரெண்டு நொடி வேலை. அவளுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சமாயிருக்கும்.

3. வார்த்தை வார்த்தையா உடைக்காதே

"அவன் கம்பி நீட்டிட்டான்"னு நாம சொல்றோம். கம்பி எங்கே, யார் நீட்டினதுன்னு யாராவது கேட்கிறோமா? அப்படித்தான் "ஸ்பில் த பீன்ஸ்"ல பீன்ஸைத் தேடாதே. ரகசியத்தை உளறிட்டான், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல மரபுத்தொடர்னு படிச்சியே, அதேதான் இது.

4. தமிழ் ஜோடி கிடைச்சா பாதி வேலை முடிஞ்சது

புதுசா ஒன்னு வந்தா "நம்ம ஊர்ல இதுக்கு என்ன சொல்வோம்?"னு முதல்ல யோசி. முதலைக் கண்ணீர் அங்கேயும் முதலைக் கண்ணீர்தான். அவங்க ஒரே கல்லுல ரெண்டு பறவை அடிப்பாங்க, நாம ரெண்டு மாங்காய் அடிப்போம். "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" நம்ம அத்தி பூத்தாற்போல. ஒரே இங்கிலீஷ் மாசத்துல வர்ற ரெண்டாவது பௌர்ணமியை ப்ளூ மூன்னு சொல்றாங்க, சுமாரா ரெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவைதான் அது வரும். "கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்" எனக்கு ரொம்பப் பிடிச்சது. நியூகாசில், நிலக்கரியைக் கப்பல் கப்பலா ஏத்தி அனுப்பின ஊர். அங்கேயே கரியைத் தூக்கிட்டுப் போனா? திருநெல்வேலிக்கே அல்வாவான்னு நாம கேட்கிறது இதைத்தான்.

5. ஜோடி மாதிரி இருந்து கழுத்தறுக்கிறவை

இங்கேதான் பிள்ளைங்க அதிகமா விழறாங்க. நிதானமா படி.

"ஐ ஆம் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்"னா சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்னு அர்த்தம். நம்ம ஊர்ல காலை வாரிவிடுறதுன்னா நம்ப வச்சுக் கவிழ்க்கிறது. இதைக் கேட்டு முகம் சுண்டிப்போய், மேனேஜர் தனக்குக் குழி பறிக்கிறார்னு ஒரு வாரம் பேசாம இருந்த பையன் என் வகுப்புல இருந்தான்.

"கோல்ட் ஃபீட்": பயத்துல கை கால் சில்லிட்டுப் போறதுன்னு நினைக்காதே. ஒத்துக்கிட்ட காரியத்துல கடைசி நேரத்துல தைரியம் போய்ப் பின்வாங்கத் தோணுமே, அதுதான்.

"கீப் அன் ஐ ஆன் ஹர்"னு குழந்தையைக் காட்டிச் சொன்னா, கண்ணு படப்போகுதுன்னு பதறாதே. கொஞ்சம் பார்த்துக்கோன்னு அர்த்தம்.

நம்ம பக்கத்துல இருந்து போற தப்பும் இருக்கு. "டோன்ட் ஈட் மை ஹெட்"னு சொன்னா வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது, அது நம்ம "தலையைத் தின்னாதே". அதைவிட முக்கியம், "ஐ பாஸ்டு அவுட் இன் 2019"னு சொல்லாதே. அமெரிக்கக் காதுல அது "2019-ல மயங்கி விழுந்தேன்"னு விழும். "ஐ கிராஜுவேட்டட்"னு சொல்லு. "அவுட் ஆஃப் ஸ்டேஷன்", "டூ த நீட்ஃபுல்" இதெல்லாம் நம்ம நாட்டுக்குள்ள ஓடும். வெளியில அனுப்பற மெயில்ல வேண்டாம்.

6. விளையாட்டு வச்சுப் பிரி

பிரிட்டிஷ்காரங்க கிரிக்கெட்ல இருந்து எடுப்பாங்க. உனக்கு கிரிக்கெட் தெரியும்ங்கிறதால இது சீக்கிரம் வந்துடும். "ஆன் த பேக் ஃபுட்"னா தற்காப்பு நிலையில இருக்கிறது. "ஸ்டிக்கி விக்கெட்"னா சிக்கலான நிலைமை. மழையில நனைஞ்ச பிட்ச்சுல பந்து எப்படி வரும்னு பேட்ஸ்மேனுக்குத் தெரியாதே, அதுல வந்தது. ஆனா சிக்ஸர்னு கேட்டதும் கை தட்டிடாதே. "நாக்டு ஃபார் சிக்ஸ்"னா ஒரு செய்தி ஒருத்தரை நிலைகுலைய வச்சிடுச்சுன்னு அர்த்தம். அடிச்சவர் பக்கம் இல்லை, அடிபட்ட பந்துப் பக்கம் நின்னு பாரு. "ஹீ ஹாட் எ குட் இன்னிங்ஸ்"னு சொன்னா, பெரியவர் நிறைவா வாழ்ந்து போனார், நம்ம ஊர் கல்யாணச் சாவு.

அமெரிக்கக்காரங்க பேஸ்பால்ல இருந்து எடுப்பாங்க. மேலே சொன்ன பால்பார்க் அவங்க மைதானம். "கர்வ் பால்"னா எதிர்பாராத சிக்கல். "ரெயின் செக்" மழையில ஆட்டம் நின்னா இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுக்கிற சீட்டு. நீ ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டு, அவர் "கேன் ஐ டேக் எ ரெயின் செக்?"னு பதில் சொன்னா, இன்னிக்கு முடியாது, இன்னொரு நாள் வர்றேன்னு அர்த்தம்.

7. எழுத்தைக் கூட மாத்தாதே

ரொம்ப சுலபம்னு சொல்ல "பீஸ் ஆஃப் கேக்" இருக்கேன்னு "பீஸ் ஆஃப் ஸ்வீட்"னு சொல்லக் கூடாது. மழை கொட்டுதுன்னு சொல்ற "கேட்ஸ் அண்ட் டாக்ஸ்"ஐ "டாக்ஸ் அண்ட் கேட்ஸ்"னு திருப்பக் கூடாது. சொல்லப்போனா அதையே விட்டுடு. நம்ம கிராமர் புத்தகம் எல்லாத்துலயும் அது இருக்கு, இப்போ பேச்சுல அபூர்வம். அதுக்குப் பதிலா "இட்ஸ் போரிங்"னு சொல்லு. தமிழ்ல எழுதினா வேற அர்த்தம் வந்துடும்கிறதால நல்லா கவனி: 'ஊத்து'ன்னு அர்த்தம் வர்ற 'போர்', சலிப்பு 'போர்' இல்லை. மழை ஊத்துதுன்னு நாம சொல்ற மாதிரியே அவங்களும் சொல்றாங்க.

8. இடம் பார்த்துப் பேசு

• துக்கம் விசாரிக்கிற மெயில்ல "கிக்டு த பக்கெட்" வரவே கூடாது. மண்டையைப் போட்டார்னு சொல்ற மாதிரி இருக்கும். "பாஸ்டு அவே" போதும்.
• ஆஸ்பத்திரியில சேர்ற அளவு காய்ச்சல்னா லீவ் லெட்டர்ல "அண்டர் த வெதர்" எழுதாதே. லேசான தலைவலின்னு நினைச்சு வேலையை அனுப்பிடுவாங்க.
• ஐ.இ.எல்.டி.எஸ். எழுதறியா? பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிஷம். அதுல பொருத்தமா வர்ற வழக்குத் தொடருக்கு மதிப்பு உண்டு. ரெண்டு மூணு தானா வந்தா போதும், திணிக்காதே. கட்டுரையில பேச்சு வழக்கு இடியம் வேண்டாம்.

சந்தேகம்னா கேம்ப்ரிட்ஜ் அகராதி இணையத்துல இலவசமாவே இருக்கு. அர்த்தத்துக்குப் பக்கத்துல 'இன்ஃபார்மல்', 'ஓல்டு ஃபேஷண்டு', 'யூ.கே.', 'யூ.எஸ்.'னு குறிச்சிருப்பாங்க. எல்லாரும் அர்த்தத்தைப் பார்த்துட்டு அந்தக் குறிப்பை விட்டுடுறீங்க. அதைத்தான் முதல்ல பார்க்கணும்.

9. நோட்டு இப்படி எழுது

நாற்பது பக்க நோட்டு ஒன்னு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு இடியம். மேலே அந்தத் தொடர். அடுத்த வரியில யார் சொன்னாங்க, எங்கே, என்ன முகத்தோட. மூணாவது வரி, தமிழ்ல நாம என்ன சொல்வோம். கடைசியில உன் வீட்டு விஷயத்தை வச்சு ஒரு வாக்கியம்.

என் மாணவி ஒருத்தி நோட்டுல பார்த்தேன்: "பைட் த புல்லட். டீம் லீட் சொன்னார், பெருமூச்சு விட்டு. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் செய். அம்மா பிட் த புல்லட் அண்ட் சோல்டு ஹர் வளையல்." வளையலுக்கு இங்கிலீஷ் வார்த்தை வரலை, தமிழ்லயே எழுதியிருந்தா. நான் திருத்தலை. அந்தத் தொடர் அவளுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

வாரத்துக்கு ரெண்டு பக்கம், அதுக்கு மேலே வேண்டாம். நாற்பது பக்கம் அஞ்சு மாசத்துல முடியும். இன்னிக்கு மீட்டிங்கிலயோ படத்துலயோ காதுல விழுந்து புரியாம விட்ட ஒன்னு இருக்கும்ல? அதை மறக்கிறதுக்குள்ள, தூங்கப் போறதுக்கு முன்னாடி முதல் பக்கத்துல எழுதிடு கண்ணு.